எப்ப வந்தீயன்னு கேக்காத ஜன்னல்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணே,

உங்க எழுத்த பல வருஷமா படிக்கிறேன், உங்களுக்கு எழுதுறது இதான் மொதல் தடவை. எனக்குச் சொந்த ஊரு கீழக்கரை. ஷார்ஜால ஒரு கம்பெனி குடோன்ல ஸ்டோர் கீப்பரா இருக்கேன். ரொம்ப காலம் கழிச்சு இந்த ஜூலைல லாத்தா (அக்கா) மக கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துட்டுப் போனேன்.

வந்த எடத்துல எனக்கு என்னமோ ஆயிருச்சுண்ணே. எல்லாரும் செல்பி, குரூப் போட்டோன்னு நிக்கும்போது நான் மட்டும் ஜன்னல போட்டோ எடுத்துக்கிட்டு அலைஞ்சேன். மொதல்ல எங்க வீட்டு ஜன்னல், அப்புறம் பக்கத்துத் தெரு, அப்புறம் பைக்க எடுத்துக்கிட்டு தேவிபட்டினம், தொண்டி, அந்தப் பக்கம் தனுஷ்கோடி வரைக்கும். போன் மெமரி பூரா ஜன்னல்தான். இப்ப இங்க வந்து ஷிப்ட் முடிஞ்சு ரூம்ல படுத்துக்கிட்டு அத ஒண்ணொண்ணா தள்ளிப் பாக்கும்போது மனசு அப்படியே அமைதியாயிருது. குரான் ஓதிக் கேட்டாத்தான் அப்படி ஒரு அமைதி எனக்கு வரும். வேற எதுலயும் வந்ததில்ல.

என் வீட்டம்மா போன்ல கேக்குறா, "ஊருக்குப் போயி உம்மாவ ஒரு நல்ல போட்டோ எடுக்கல, செவுத்தப் போயி எடுத்துட்டு வந்திருக்கீங்களே"ன்னு. அவ கேக்குறதும் நியாயம்தானே. லாத்தா வேற அடுத்த வருஷம் வீட்ட இடிச்சுட்டு புதுசா கட்டப்போறோம்னு சொல்லிட்டாக. நான் கேக்க வந்தது இதுதான். ஜன்னல் படத்தப் பாத்து நிம்மதி அடையுறது நெஜமான நிம்மதியா, இல்ல மனுசங்ககிட்ட இருந்து தப்பிச்சு ஓடுறதா? இந்தப் படங்கள நான் என்ன செய்யட்டும்? சிலத இதோட அனுப்பியிருக்கேன். என் பேரு போட வேணாம்.

ஒரு வாசகர், ஷார்ஜா

*

அன்புள்ள தம்பி,

கடிதமும் படங்களும் வந்துச்சு. எல்லாத்தையும் போன்ல பாத்தது பத்தலன்னு கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தேன், சிலத ரெண்டு மூணு தடவை. பேரு போடல, படங்களையும் போடல, அதுக்குக் காரணம் கீழ சொல்றேன்.

உங்க மொத கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன். நெஜமான நிம்மதிதான். சந்தேகமே வேணாம். ஊருக்குத் திரும்பி வர்ற ஆம்பள யாரா இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுல எறங்குன நிமிஷத்துல இருந்து ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும், எப்ப வந்தீய, எப்ப போறீய. டீக்கடைல கேப்பாங்க, பள்ளிவாசல் வாசல்ல கேப்பாங்க, கல்யாணப் பந்தில பக்கத்துல உக்காந்தவர் கேப்பாரு. அன்புலதான் கேக்குறாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா அந்த ரெண்டு கேள்விக்கு நடுவுல நம்மள நிக்க வச்சிட்டுப் போயிடுறாங்க, வந்த தேதிக்கும் போற தேதிக்கும் நடுவுல மாட்டுன ஆளா நாம ஆயிடுறோம். அதுக்கு மேல சம்பளம் என்ன, வீடு கட்டியாச்சா, புள்ளைக்கு எங்க பாக்குறீய, இதெல்லாம் வேற. இந்த ஊர் பூராவுலயும் உங்கள ஒண்ணும் கேக்காம, நீங்க எவ்வளவு நேரம் நின்னாலும் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தது அந்த ஜன்னல்கள்தான். அதுங்க முன்னாடி நீங்க லீவுல வந்த ஆளும் இல்ல, ஷார்ஜாக்காரரும் இல்ல. அந்த நிம்மதிய யாரு குறை சொன்னாலும் ஏத்துக்காதீங்க.

இன்னொன்னும் இருக்கு, அத நீங்க எழுதல, ஆனா நீங்க கீழக்கரைக்காரர்ங்கறதால எனக்குத் தோணுது. கீழக்கரைல வீடு பொம்பளப் புள்ளைக்குத்தானே போகும். கல்யாணம் ஆனா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போயி இருக்கணும். அதனால நீங்க பொறந்து வளந்த வீடு சின்ன வயசுலயே லாத்தாவோட வீடுன்னு முடிவானது, நீங்க இப்ப ஊருக்கு வந்தா தங்குறது உங்க வீட்டம்மாவோட வீடு. பொம்பளைகளுக்கு ஒரு பிடிமானமா இருக்குற நல்ல வழக்கம் அது, எத்தனையோ ஊர்ல பொண்ணுக்கு ஒரு செங்கல் கூட மிஞ்சாதப்ப உங்க ஊர்ல கூரையே அவ பேர்ல இருக்கு, அத நான் மதிக்கிறேன். ஆனா ஆம்பளைக்கு அதுல ஒரு சின்ன ஏக்கம் உள்ளுக்குள்ள தங்கிப்போவுது பாருங்க. தான் வளந்த வீட்டோட ஜன்னல அவன் வாழ்க்கை பூரா வெளிய நின்னுதான் பாக்கணும். நீங்க அனுப்புன படத்துல முக்காவாசி தெருவுல நின்னு எடுத்தது. கவனிச்சீங்களா?

உள்ள இருந்து எடுத்தது நாலஞ்சு இருக்கு. அதுல ஒண்ணப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். லாத்தா வீட்டு நடுக்கூடம்னு கீழ எழுதியிருக்கீங்க. நாலு கதவு ஜன்னல். மேல் கதவு ரெண்டும் தெறந்திருக்கு, கீழ் கதவு ரெண்டும் சாத்தியிருக்கு, காத்தும் வெளிச்சமும் வரணும் ஆனா தெருவுல போறவங்க கண்ணு உள்ள வரக்கூடாதுன்னா நம்ம பக்கத்து வீடுகள்ல இப்படித்தானே வைப்பாங்க. பச்ச ஆயில் பெயின்ட், அதுக்குக் கீழ ஒரு நீலம் எட்டிப் பாக்குது, அதுக்கும் கீழ மரத்தோட நெறம். இடது பக்கக் கீழ் கதவுல கொக்கி போயிருச்சு போல, அதுக்குப் பதிலா வலை நூலால கட்டி வச்சிருக்காங்க, மீன் வலை பின்ற அதே நைலான் நூல், முடிச்சு கூட வலை முடிச்சு. கம்பிகள்ல பாதிக்கு மேல துரு, உப்புக் காத்துல ஊறி ஊறி அங்கங்க தடிச்சுப் போயிருக்கு, நிலைக்கட்டைல கம்பி எறங்குற எடத்துல மரம் லேசா வெடிச்சிருக்கு. ஆனா பெருசாக்கிப் பாத்தா நடுவுல ரெண்டு கம்பில மட்டும், ஜன்னல் திண்டுல இருந்து ஒரு முழம் ஒசரத்துல, பெயின்டும் இல்ல துருவும் இல்ல, இரும்பு வழவழன்னு பளிச்சுன்னு இருக்கு. ஒரு முழம்னா யாரோட ஒசரம் அது? திண்டுல உக்காந்து ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டு தெருவப் பாக்குற சின்னப் புள்ளையோட ஒசரம். ஒரு புள்ள இல்ல, வரிசையா எத்தனையோ புள்ளைங்க புடிச்சுப் புடிச்சு அந்த எடத்துல துரு ஏறவே விடல. அதுல உங்க கையும் இருக்கும் தம்பி. இந்தப் படத்துல மனுசங்க இல்லன்னு உங்க வீட்டம்மா சொன்னா, அந்த ரெண்டு கம்பியக் காட்டுங்க.

ஜன்னல் படம் ஏன் மனச அமர்த்துதுன்னு நானும் யோசிச்சுப் பாத்திருக்கேன், மண்டபம்ங்கற ஊர்ப் பக்கம் வளந்தவன் நான், எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. நம்ம கடற்கரைப் பழைய வீடுகளுக்குச் செவுரு ஒன்றரை அடி, ரெண்டு அடி தடிமன். அதனால ஜன்னல் செவுத்தோட வெளி ஓரத்துலயோ நடுவுலயோ உக்காந்திருக்கும், உள்பக்கம் ஆள் ஏறி உக்கார்ற அளவுக்கு ஆழமா ஒரு திண்டு கெடைக்கும். வெளிய கண்ணு கூசுற வெயில். கூடத்துக்குள்ள இருட்டு. ரெண்டுக்கும் நடுவுல அந்தத் திண்டும் பக்கச் செவுரும் வெளிச்சத்த வாங்கி கொஞ்சம் கொஞ்சமா மங்கவச்சு உள்ள அனுப்பும். ஒன்பது இஞ்ச் செங்கல் செவுத்துலயோ நாலரை இஞ்ச் செவுத்துலயோ இந்த நடு எடம் இல்ல, வெளிச்சம் ஒரேயடியா உள்ள வந்து விழும், போன்ல எடுத்தா ஜன்னல் வெள்ளையா வெடிச்சுப் போவும், இல்லன்னா ரூம் கருப்பாயிரும். உங்க படங்கள்ல எது உங்களுக்கு ரொம்ப அமைதியாப் படுதுன்னு நீங்களே எடுத்து அடுக்கிப் பாருங்க, அத்தனையும் தடிச்ச செவுத்து ஜன்னலாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். கண்ணு வெயில்ல இருந்து நெழலுக்குப் படி எறங்கிப் போவுது, அந்த எறக்கத்துலயே மனசும் எறங்கிருது.

அந்தச் செவுரு எதுனால ஆனதுன்னு உங்களுக்குத் தெரியும். கடல்ல இருந்து வெட்டிக் கொண்டாந்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பே கூட சிப்பியையும் பவளக் கல்லையும் காளவாசல்ல சுட்டு எடுத்ததுதான். மேல பனங்கை, அதான் பனமரச் சட்டம், போட்ட கூரை. உங்க ஏழாவதோ எட்டாவதோ படத்துல பூச்சு உதிர்ந்த எடத்துல கல்லு தெரியுது, அதுல பொடிப்பொடியா பூப்பூவா குழி குழியா இருக்கு பாருங்க, ஒவ்வொரு குழியும் ஒரு உசுரு இருந்த வீடு. அது இனிமே யாராலயும் கட்ட முடியாத செவுரு. பவளப்பாறைய 2001ல காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோட மொத அட்டவணைல சேத்தாச்சு, தொட்டாக் குத்தம். அது சரியான சட்டம்னுதான் நான் சொல்லுவேன். மன்னார் வளைகுடால தூத்துக்குடில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருந்த 21 தீவுகளையும் சேத்து 1986ல கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, ஆனா அதுல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணிக்குள்ள போயிருச்சு. பல காலம் பாறைய வெட்டி வெட்டி எடுத்ததும் அதுக்கு ஒரு காரணம், அலைய தடுத்து நிறுத்த பாறை இல்லன்னா மணல் தீவு எப்படி நிக்கும். பூவரசன்பட்டி உங்க கீழக்கரைக் கூட்டத்துத் தீவுதான். நீங்க ரூம்ல படுத்துக்கிட்டு பாக்குற அந்த அமைதிக்குள்ள இந்தக் கடலும் இருக்கு, போன தீவும் இருக்கு. இதத் தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தா அமைதி கொறைஞ்சு போவும்னு நான் நெனைக்கல. எனக்குக் கூடத்தான் செய்யுது, அந்த வீட்டுச் செவுத்துல கைய வைக்கும்போது இப்பல்லாம் கொஞ்சம் மரியாதையாத்தான் வைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது போட்டோ எடுக்குறவங்களுக்கு. வடக்குப் பாத்த ஜன்னல் ஒண்ணுல மத்தியானம் ஒரு சாண் அகலத்துக்கு வெயில் திண்டு மேல பட்டையா விழுந்திருக்கு, வடக்கு ஜன்னல்ல எப்படி வெயில்னு நீங்களே ஆச்சரியப்பட்டு கீழ எழுதியிருக்கீங்க. வெளிநாட்டுப் போட்டோ புத்தகத்துல எல்லாம் வடக்கு ஜன்னல்ல நேர் வெயில் வராது, நாள் பூரா ஒரே மாதிரி மெத்துன்னு வெளிச்சம் இருக்கும்னு போட்டிருப்பாங்க, அது அவங்க ஊருக்குச் சரி. நம்ம கடற்கரை பூமத்திய ரேகைக்கு வடக்க ஒன்பது டிகிரிலதான் இருக்கு. சித்திரை தொடங்கி ஆவணி நடு வரைக்கும் உச்சி நேரத்துச் சூரியன் நம்ம தலைக்கு வடக்கால போகும். நீங்க வந்தது ஜூலை, அதான் மேல சன்ஷேடு இல்லாத பழைய வடக்கு ஜன்னல்ல அந்தப் பட்டை விழுந்துச்சு. ஐப்பசி கார்த்திகைல வந்தீங்கன்னா அதே ஜன்னல் வேற ஆளா இருக்கும், வெயில் தெக்க போயிரும், வாடைக் காத்துல கதவு சாத்தியிருக்கும், மழை ஈரத்துல மரம் ஊதி தாழ்ப்பாள் எறங்காது. ஒரே ஜன்னல கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துலயும் வாடைக் காலத்துலயும் எடுத்து வச்சீங்கன்னா அதுவே ஒரு நல்ல வேலை.

போட்டோன்னு ஒண்ணு பொறந்ததே ஜன்னல்லதான் தம்பி. உலகத்துல இன்னைக்கு மிஞ்சியிருக்குற ஆகப் பழைய கேமரா படம், பிரான்ஸ்ல நியெப்ஸ்ங்கறவரு 1826, 1827 வாக்குல தன் வீட்டு மாடி ஜன்னல் வழியா எடுத்தது. உலோகத் தகட்டுல ஒரு மாதிரி தாரு பூசி கேமராவுக்குள்ள வச்சு மணிக்கணக்கா வெளிச்சம் பட விட்டாரு, எட்டு மணி நேரம்னு ரொம்ப நாளா சொல்லுவாங்க, நாள்கணக்குல ஆகியிருக்கும்னு சொல்றவங்களும் உண்டு. அதனால அந்தப் படத்துல கட்டடங்களோட ரெண்டு பக்கமும் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் ஒரே படத்துல விழுந்திருக்கு. அப்புறம் இங்கிலாந்துல டால்பட்ங்கறவரு. அவரு 1835 ஆகஸ்ட்ல எடுத்தது இன்னைக்கு மிஞ்சியிருக்குற நெகட்டிவ்கள்லயே பழசு, அது ஜன்னல் வழியா எடுத்தது கூட இல்ல, ஜன்னலையே எடுத்தது. லேகாக்ங்கற எடத்துல அவரு வீட்டு ஜன்னல், தபால் தலை அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம், எடுத்த புதுசுல லென்ஸ் வச்சுப் பாத்தா இருநூறு கண்ணாடிச் சதுரம் வரைக்கும் எண்ணலாம்னு பக்கத்துலயே எழுதி வச்சாரு. அவங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருப்பாங்கதானே, ஏன் அவங்கள எடுக்கலன்னா, அந்தக் காலத்துக் கேமராவுக்கு அவ்வளவு நேரம் ஆடாம நிக்கிற பொருள் வேணும், வெளிச்சமும் நெறைய வேணும். ரெண்டும் சேந்து இருக்குற எடம் ஜன்னல். உங்களுக்கும் அதே தேவைதான் இருந்திருக்கு, கல்யாண வீட்டுக் கூட்டத்துல ஆடாம நிக்கிற ஒண்ணு.

இன்னொருத்தரையும் சொல்லணும், ப்ராக் நகரத்துல இருந்த ஜோசப் சூடெக். மொதல் உலகப் போர்ல வலது கை போயிருச்சு. ஒத்தக் கையோட பெரிய பெட்டிக் கேமராவ தூக்கிக்கிட்டு ஊர் பூரா சுத்தி எடுத்த மனுசன், ஜெர்மன்காரங்க ஊரப் புடிச்சு வச்சிருந்த காலத்துல கேமராவோட தெருவுல நடமாட முடியாம ஸ்டுடியோ ஜன்னல் பக்கம் திரும்புனாரு. 1940ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் அதே ஜன்னல். கண்ணாடில வேர்த்த தண்ணி, அந்தப் பக்கம் வளைஞ்ச ஒரு மரம், பனி, திண்டுல ஒரு கிளாஸ். போர் முடிஞ்சதுக்கு அப்புறமும் அவரு அத விடல பாருங்க, வெளிய போக வழி தெறந்த பொறவும் அங்கயேதான் நின்னு எடுத்தாரு. தப்பிச்சு ஓடுறவன் அப்படி ஒரே எடத்துல நிக்க மாட்டான். உங்க ரெண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இவருதான்.

ஆனா உங்க வீட்டம்மா சொன்னதுல ஒரு பாதிய நான் அப்படியே ஏத்துக்குறேன். உம்மாவ எடுத்திருக்கணும். ஜன்னல எடுத்ததுக்குப் பதிலா இல்ல, அந்த ஜன்னல்லயே. மேல் கதவு தெறந்து கீழ் கதவு சாத்துன அந்த நடுக்கூடத்து ஜன்னல் கிட்ட உம்மா உக்காந்தா ஒரு பக்கமா வெளிச்சம் மொகத்துல விழும், அந்த வெளிச்சத்துக்கு எந்த ஸ்டுடியோ லைட்டும் ஈடாகாது. போஸ் குடுக்கச் சொல்ல வேணாம், வெத்தலை இடிக்கட்டும், தஸ்பீஹ் மணி உருட்டட்டும். நீங்க இப்ப அங்க இல்ல, சரி, லாத்தா மகன்கிட்ட சொல்லுங்க, காலைல எட்டு எட்டரைக்கு பிளாஷ் போடாம எடுக்கச் சொல்லுங்க, உம்மா சரின்னு சொன்னா மட்டும். வீடு நிக்கும்போதே எடுக்கணும். இதத் தள்ளிப் போடாதீங்க.

தனுஷ்கோடி ஜன்னல்கள்ல மட்டும் நான் உங்களோட ஒத்துப்போகல. இடிஞ்ச சர்ச்சுல இருந்து, கண்ணாடியும் இல்லாம நிலையும் இல்லாம வெறும் ஓட்டையா நிக்கிற ஜன்னல் வழியா கடல எடுத்திருக்கீங்க. அழகாத்தான் இருக்கு, ஆண் கடல்னு நம்மாளுக சொல்ற மன்னார் வளைகுடாப் பக்கத்து நீலம் அப்படி ஒரு நீலம். அந்தப் படத்துல எனக்கு நிம்மதி வரல தம்பி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல போன ஊரு அது. பாம்பன்ல இருந்து போன ரயிலே நூறு பேருக்கு மேல ஆளுகளோட தண்ணிக்குள்ள போச்சு. அந்தப் பக்கம் இலங்கைக்குக் கப்பல் ஏறுறதுக்காக வந்து போன சனம், ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம்னு இருந்த ஊரு ஒரே ராத்திரில வாழத் தகுதியில்லாத எடம்னு ஆயிருச்சு. அங்க இருக்குற ஜன்னல்கள்ல சாத்துறதுக்கு ஒரு கதவும் இல்ல, சாத்துறதுக்கு ஒரு ஆளும் இல்ல. ரோடு அரிச்சல்முனை வரைக்கும் போட்டதுக்கு அப்புறம் கார்ல வந்து எறங்குறவங்க அந்தச் செவுத்துல ஏறி நின்னு கல்யாணப் போட்டோ எடுக்குறாங்க, பேரக் கீறி வைக்கிறாங்க, ஏற்கனவே உப்புக் காத்து அரிச்சு அரிச்சு அந்தப் பவளக் கல்லு பொடியா உதிருது. பக்கத்துலயே குடிசை போட்டுக்கிட்டு இன்னமும் கடலுக்குப் போற குடும்பங்க இருக்கு, சங்கு பாசி வித்துக்கிட்டு இருக்குற அம்மாக்கள் இருக்காங்க, அவங்க யாரையாவது ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பேசிட்டு வந்திருந்தா அந்தப் படத்த நீங்க வேற மாதிரி பாத்திருப்பீங்க. ஒரு வீடு அமைதியா இருக்குறதுக்கும் ஒரு ஊரே சத்தமில்லாமப் போனதுக்கும் வித்தியாசம் இருக்கு, அந்த ரெண்டையும் ஒரே போல்டர்ல வைக்காதீங்கன்னு மட்டும் கேட்டுக்குறேன்.

அதே மாதிரி இன்னொன்னு. நீங்க எடுத்தது எல்லாம் கல்லு வீட்டு ஜன்னல். இலங்கை, பர்மான்னு போயி யாவாரம் பண்ண காசு அது, தேக்கு நிலைக்கு அந்தக் காசுதான் போயிருக்கு. நம்ம கரை பூரா ஓலைக் குடிசைல இருந்த கடல்தொழில் சனத்துக்கு ஜன்னலே கெடையாது, காத்து வேணும்னா வெளிய மணல்ல பாய விரிச்சுப் படுக்கணும். அப்புறம் அரசாங்கத் தொகுப்பு வீடு வந்துச்சு, அதுல சிமென்ட் ஜாலிதான் ஜன்னல், இல்லன்னா ரெண்டு கதவு வச்ச சின்ன இரும்பு ஜன்னல், நாலு வருஷத்துல துரு தின்னுரும். அந்த ஜாலி வழியா சாயங்கால வெயில் செவுத்துல கட்டம் கட்டமா விழுறத நீங்க பாத்திருக்கீங்களா? அதையும் எடுங்க அடுத்த தடவை. ஒரு படத்துக்குக் கீழ, புது வீடுகள்ல வைக்கிற அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல மட்டமா எழுதியிருந்தீங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் துருவச் சொரண்டி பெயின்ட் அடிச்சு, ஊதிப்போன கதவ இழைச்சு, மணல் வாரி அடிக்கிற கச்சான்ல நாள் பூரா திண்டத் தொடச்ச பொம்பளைக்குத் தெரியும் அந்த அலுமினியத்தோட அருமை. லாத்தா வீட்ட இடிக்கிறாங்கன்னு வருத்தப்படுங்க, ஆனா அவங்கள நொந்துக்காதீங்க.

இப்ப படங்கள ஏன் போடலன்னு சொல்றேன். தெருவுல நின்னு எடுத்ததுல ரெண்டு படத்துல திரைக்குப் பின்னாடி ஒரு பொம்பள உருவம் தெரியுது. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, ஜன்னல் அழகுல போயிருப்பீங்க, ஆனா அவங்க உங்களக் கவனிச்சிருப்பாங்க. கீழ் கதவ சாத்தி வைக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல, அந்தக் காரணத்த மதிக்காத படம் எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். அந்த ரெண்டையும் அழிச்சுடுங்க, வாட்ஸ்அப்ல யாருக்காச்சும் அனுப்பியிருந்தா அழிக்கச் சொல்லுங்க. மத்த வீடுகள்லயும் ஆளக் கேட்டுட்டு எடுத்தது எது, கேக்காம எடுத்தது எதுன்னு பிரிச்சு வைங்க. கேக்காம எடுத்தது உங்க போனோட இருக்கட்டும். ஒரு வீட்டு வாசல்ல நின்னு "இந்த ஜன்னல் ரொம்ப நல்லாருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டுப் பாருங்க, நம்ம ஊர்ல பாதிப் பேரு உள்ள கூப்புட்டு டீ குடுத்து எந்த வருஷம் கட்டுனது, எந்த ஆசாரி இழைச்சதுன்னு கதையும் சொல்லுவாங்க.

என்ன செய்யட்டும்னு கேட்டீங்க. போன்லயே வச்சிருந்தா போன் போனா போச்சு. உங்களுக்கு எது அமைதி தருதோ அதுல ஒரு பத்துப் பதினஞ்ச மட்டும் எடுத்து பேப்பர்ல பிரின்ட் போடுங்க, மேட் பேப்பரா கேளுங்க, பளபளன்னு இருக்குறது ஜன்னலுக்கு ஒத்து வராது. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பென்சில்ல எழுதுங்க, எந்தத் தெரு, எந்தத் திசை பாத்தது, என்ன நேரம், யாரு வீடு. ஒரு செட்டு லாத்தாவுக்கு அனுப்புங்க, அவங்க வீட்டு ஜன்னல்ல யாரு யாரு உக்காந்து எந்தக் கல்யாண ஊர்வலத்தப் பாத்தாங்க, மழைக்கு எந்தக் கதவு மொதல்ல ஒழுகும், இதெல்லாம் உங்களவிட அவங்களுக்குத்தான் தெரியும். போன்ல பேசும்போது எப்ப வருவன்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்க ஜன்னலப் பத்திக் கேளுங்க.

வீடு இடிக்கிறதப் பத்தி ஒண்ணு. இடிக்க வர்ற கான்ட்ராக்டர் பழைய கதவு ஜன்னல்களுக்குத் தனியா ஒரு ரேட்டு பேசி எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, அது காரைக்குடில பழைய சாமான் கடைல போயி நிக்கும், அங்க இருந்து எங்கயோ ஒரு ரிசார்ட்டுக்குப் போகும். லாத்தாவுக்கு விருப்பம் இருந்தா நடுக்கூடத்து ஜன்னல் ஒண்ண மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. கட்டப்பாரை போட்டு நெம்ப விடக்கூடாது, சுத்தி இருக்குற சாந்த மொதல்ல உதுத்துட்டு நிலைய கம்பியோட முழுசா வெளிய எடுக்கணும், வெடிச்ச எடத்த ஆசாரி ஒட்டுப் போட்டுக் குடுத்துருவாரு. புது வீட்டுல ஒன்பது இஞ்ச் செவுத்துல அந்த நிலை வைக்கணும்னா பிளான் போடும்போதே கொத்தனார்கிட்ட அளவு குடுக்கணும், லின்டல் போட்டதுக்கு அப்புறம் சொன்னா கேக்க மாட்டாங்க. அதனால நிலையோட உள் அளவு, வெளி அளவு, கட்டையோட தடிமன் மூணையும் லாத்தா மகன விட்டு டேப் புடிச்சு எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பி வைங்க. உச்சிப்புளில எனக்குத் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் இந்த மாதிரி பழைய நிலைகளப் பிரிச்சு வச்சுக் குடுத்திருக்காரு, அவருகிட்ட கேட்டு என்ன செலவாகும்னு எழுதுறேன்.

அன்புடன்